பார்க்கக் கூடாத மாமியார்

லீலண்ட் அட்டகாய் ஈராக் போருக்குப் போனவன். வெடிகுண்டு புதைத்து வைத்திருந்த சாலைகளில் ராணுவ லாரி ஓட்டி, கை கால் முழுசாக ஊர் திரும்பியவன். அப்படிப்பட்டவன் ஒரு தகர டப்பா தட்டுகிற சத்தம் கேட்டதும், குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுப் பின் ஜன்னல் வழியாகக் குதித்து, ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். உள்ளூரில் அதை யாரும் ஒரு சேதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. டப்பா தட்டிக்கொண்டு வருவது அவன் மாமியார் ரூபினா.

மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது. மாமியாரும் மருமகன் முகத்தைப் பார்க்கக் கூடாது. நேருக்கு நேர் பேசவும் கூடாது. பார்த்தால் கண் போய்விடும். இதை அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ ஜனங்களில் பாதிப் பேர் இப்போது காற்றில் பறக்கவிட்டாயிற்று. கடையில் மாமியார் சாமான் எடுத்துப் போடப் போட, மருமகன் பின்னாலேயே வண்டி தள்ளிக்கொண்டு போவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ரூபினாவிடம் அந்தக் கதை நடக்காது. வியட்நாம் போர் நடந்த காலத்தில் ஜெர்மனியில் பட்டாள லாரி ஓட்டிய பெண்பிள்ளை அவர். "பட்டாளத்துல சொன்ன சட்டத்தையே மீறினது இல்ல, பெத்தவ சொன்ன சட்டத்த மீறுவேனா?" என்பார்.

ஆக, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக லீலண்டுக்கு மாமியாரின் இருமல் தெரியும். செம்மண்ணில் பதிந்த பூட்ஸ் தடம் தெரியும். சரிவுக்கு அந்தப் பக்கமிருக்கும் எட்டுமூலை வீட்டிலிருந்து ஆடுகளைத் திட்டுகிற குரல் நன்றாகவே தெரியும். அந்தத் திட்டில் எது ஆட்டுக்கு, எது தனக்கு என்று பிரித்துப் பார்க்கவும் பழகியிருந்தான். முகம் மட்டும் தெரியாது. கல்யாண போட்டோவில்கூட அம்மா நிற்கிற பக்கத்தை மடித்துத்தான் அவன் மனைவி டெல்ஃபின் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள்.

இந்த நிலையில்தான் ரூபினாவின் கண்ணில் புரை விழுந்தது.

முதலில் வலது கண். பிறகு இரண்டும். ஆடு என்று நினைத்து ஒரு பாறையைப் போய் ரொம்ப நேரம் அதட்டியிருக்கிறார். அது நகரவில்லை என்றதும் கைத்தடியால் ஒன்று வைத்ததில் கைத்தடிதான் உடைந்தது. ஊருக்கு இது போதாதா? பத்துப் பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் ஒரே பேச்சு: அந்த அம்மாவுக்கு ஏன் கண் போகிறது? மருமகன் எங்கேயோ திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்திருக்கிறான்.

"நான் பாக்கலடா!" என்று லீலண்ட் சத்தியம் பண்ணாத ஆள் இல்லை.

"பாக்காமலா அந்தம்மாவுக்கு இப்படி ஆச்சு?"

"பாத்திருந்தா எனக்கும் போயிருக்கணுமே?"

"உனக்கு மெதுவாப் போகும். வயசு இருக்கில்ல."

சிரிப்பாகச் சொன்னதுதான். ஆனால் அது ரூபினாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது சிரிப்பு வழியிலேயே எங்கேயோ உதிர்ந்துவிட்டது. அந்த அம்மாள் அதை அப்படியே நம்பிவிட்டார்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முன்னாள் படைவீரர்களுக்குக் கண் அறுவை செய்வார்கள். அது இருக்கும் அல்புகர்க்கிக்குப் போக வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அழைத்துப் போக ஊர்மன்றத்தின் படைவீரர் வேன் இருக்கிறது. முதல் தடவை தேதி கிடைத்தபோது மழையில் பாதை சேறாகி வேன் புதைந்துகொண்டது. இரண்டாம் தடவை, வழக்கமாக ஓட்டுகிற கிளிஃபர்ட் இந்த வயதில் முரட்டுக் குதிரை ஏறிப் பார்க்க ஆசைப்பட்டு இடுப்பை உடைத்துக்கொண்டார். அனுமதி உள்ள இன்னொரு ஓட்டுநர் லீலண்ட் ஒருத்தன்தான். "எட்டிப் பாத்தவன் ஓட்டுற வண்டில நான் ஏற மாட்டேன்" என்று சொல்லி அம்மாள் அன்று வாசற்படியே தாண்டவில்லை.

இப்போது கிடைத்திருப்பது மூன்றாவது தேதி. இதையும் விட்டால் வரிசையின் வாலுக்குத் தள்ளிவிடுவார்கள். வாலிலிருந்து தலைக்கு வர அடுத்த வருஷமாகிவிடும். அதுவரை ஆடு மேய்க்கக் கண் தாங்காது. பனி விழுவதற்குள் பார்வை வராவிட்டால் ஆடுகளை விற்றுவிட்டு அம்மாவை நகரத்து முதியோர் விடுதியில் விடுவது என்று பிள்ளைகள் எல்லாரும் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். ஆடு இல்லாத ரூபினாவை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

டெல்ஃபின் புருஷனை உட்காரவைத்துச் சொன்னாள்: "இந்தாய்யா, நல்லாக் கேட்டுக்கோ. எங்க அம்மா இந்தத் தடவை ஆஸ்பத்திரி போய்ச் சேரல, உன் சேணம் வாசல்ல இருக்கும்."

வாசலில் சேணம் வைத்தால் புருஷன் கிளம்ப வேண்டியதுதான். வீடும் அவளுடையது, ஆடும் அவள் அம்மாவுடையது.

"என்கிட்ட ஏது சேணம்?"

"டூல் பாக்ஸ் இருக்கில்ல. அத வைப்பேன்."

வேலைக்கு ஆகும் யோசனை சொன்னவர் ஹாரிசன் கோல்ட்டூத். படைவீரர் சங்கத்தின் தலைவர். ரூபினாவோடு ஒரே சேற்றுக் குலம், அதனால் அவருக்குத் தம்பி முறை, லீலண்டுக்கு மாமா முறை. வாழ்நாளில் ஒரு வாக்கியத்தையும் கிண்டல் இல்லாமல் முடித்தறியாதவர். அவர் ஒரு பழைய பட்டாளப் போர்வையைக் கொண்டுவந்து, வேனில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கட்டினார். உள்ளே இருக்கும் கண்ணாடியை வானம் பார்க்கத் திருப்பிவிட்டார்.

"மாப்ளே, இனிமே இது ஒரு வண்டி இல்ல, ரெண்டு வீடு. முன் வீட்டுல நீ, பின் வீட்டுல எங்க அக்கா. அவ ஏறும்போது நீ இடப் பக்கம் பாரு. எறங்கும்போதும் இடப் பக்கம் பாரு. கழுத்து சுளுக்குனா ஆஸ்பத்திரிக்குத்தானே போறே, அங்கேயே காட்டிக்கோ."

அக்காவைச் சம்மதிக்க வைக்கவும் அவரேதான் போனார். எப்படி என்று கேட்டதற்கு, "அடுத்த வாரத்துலேருந்து உன் ஆட்டை நான் மேய்க்கறேன்னு சொன்னேன். பயந்துட்டா" என்றார்.

புறப்பட்ட அன்று டெல்ஃபினும் பின்னால் ஏறிக்கொண்டாள். வழியில் இருக்கும் காலப் என்ற ஊரில் ஒரு பள்ளிச் சமையலறையில் அவளுக்கு வேலை. அதுவரை கூட வந்து தூது போவதாக ஏற்பாடு. போர்வை ஒன்றும் கல் சுவர் இல்லை. முன்னால் பேசுவது பின்னால் கேட்கும், பின்னால் முணுமுணுப்பது முன்னால் கேட்கும். ஆனாலும் கேட்காத மாதிரி இருப்பதுதானே மரியாதை.

"இது ரோடா, ஆட்டுப் பாதையான்னு கேளு அவன்கிட்ட" என்றது பின்னாலிருந்து மாமியாரின் குரல்.

"ஏய்யா, அம்மா கேக்கறாங்க, ரோடு ஏன் இப்படித் தூக்கிப் போடுதுன்னு."

"ரோடு போட்டது நான் இல்லன்னு சொல்லு. உங்க அம்மா பட்டாளத்துக்குப் போனப்பவே இது இப்படித்தான் இருந்துச்சாம்."

"அம்மா, பாத்து மெதுவா ஓட்டறேன்னு சொல்றாரு."

"அதைச் சொல்லவா அவ்வளவு நேரம் பேசுனான்?"

"பணிவாச் சொன்னாருமா."

"பணிவா? எட்டிப் பாக்கறப்போ இருந்திருக்கலாம்ல அந்தப் பணிவு."

லீலண்ட் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு காற்றாலையும் தண்ணீர்த் தொட்டியும்தான். பன்னிரண்டு வருஷம் ஜன்னல் வழியாகக் குதித்ததில் இரண்டு முறை முட்டியைப் பெயர்த்துக்கொண்டவன் அவன். அதற்குக் கிடைத்த பட்டம் எட்டிப் பார்த்தவன்.

காலப்பில் பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது. டெல்ஃபின் இறங்கி ஜன்னல் பக்கம் வந்தாள்.

"அம்மா பாத்ரூம் போயிருக்காங்க. திரும்பி வந்து ஏறிக் கதவைச் சாத்தினதும் ரெண்டு தட்டுத் தட்டுவாங்க. அப்புறம் எடு. அதுவரைக்கும் அந்த டயர்க் கடையையே பாத்துட்டு இரு."

அவள் போய்விட்டாள். லீலண்ட் உத்தமமாக டயர்க் கடையைப் பார்த்தான். அதன் போர்டை எத்தனை முறை படித்தான் என்று அவனுக்கே தெரியாது. பின்னால் கதவு திறந்தது. யாரோ மூச்சு வாங்க ஏறினார்கள். கதவு சாத்தப்பட்டது. தடி போல ஏதோ ஒன்று டொக், டொக் என்று இடித்தது.

வண்டியை எடுத்தான்.

நெடுஞ்சாலையில் ஏறினதும் பின்னாலிருந்து புதினா மிட்டாய் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டின் முணுமுணுப்பும் வந்தது. லீலண்டுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மாமியார் பாடுகிறார்! பன்னிரண்டு வருஷத்தில் ஆட்டைத் திட்டித்தான் கேட்டிருக்கிறான், பாடிக் கேட்டதில்லை. கோபம் தணிந்திருக்கிறது. இப்படியே போனால் ஒருநாள் தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூட வரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வேகத்தைக் கூட்டினான்.

சிவப்புப் பாறைகள் எல்லாம் கழிந்து ரொம்ப தூரம் போன பிறகு போர்வை சரக்கென்று விலகியது.

"தம்பி, கேசினோல இறங்கினதும் இலவசக் கூப்பன் குடுப்பீங்களா, இல்ல வண்டியிலேயே குடுத்துருவீங்களா?"

லீலண்ட் தொப்பியை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஓடுகிற வண்டியில் ஓட்டுகிறவன் செய்யக் கூடிய காரியமா அது? சக்கரம் ஓரத்துச் சரளையில் இறங்கிக் குலுங்கிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து, சாலையைப் பார்த்து, எப்படியோ ஓரமாக நிறுத்தினான்.

"போர்வையை மூடுங்க! உங்களக் கும்பிடறேன், மூடுங்க! ரெண்டு பேருக்கும் கண்ணு போயிரும்!"

"யாருக்குடா கண்ணு போகும்? உனக்கு என்ன பைத்தியமா?"

குரல் வேறு. இருமல் இல்லை, அதட்டல் இல்லை. லீலண்ட் தொப்பியை இறக்கினபடியே கேட்டான்: "நீங்க... நீங்க யாரு?"

யார் என்று கேட்டால் ஊரும் பேரும் அப்புறம்தான், குலம் முதலில். அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து முறையாகச் சொன்னார்: "நான் உப்புக் குலம். கசப்புநீர்க் குலத்து அப்பாவுக்குப் பிறந்தவ. பேரு எஸ்டெல்லா. முதியோர் மையத்துலேருந்து கேசினோ போற வெள்ளை வேன் வரும், பெட்ரோல் பங்க்ல நில்லுன்னாங்க. வெள்ளை வேன் நின்னுச்சு. ஏறுனேன்."

உப்புக் குலம். சேற்றுக் குலம் இல்லை. ஆகவே மாமியார் இல்லை. லீலண்ட் தொப்பியைத் தூக்கித் திரும்பிப் பார்த்தான். பச்சைத் தலைத்துணி கட்டிய உருண்டையான ஒரு அம்மாள், மடியில் மிட்டாய்ப் பை. பக்கத்து இருக்கையில் தன் மாமியாரின் கைப்பை. மாமியாரின் போனும் அதற்குள்தான் கிடக்கும்.

"என் மாமியார விட்டுட்டு வந்துட்டேன்" என்றான், ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு.

"ஏன், மாமியார் மூஞ்சி தெரியாதா உனக்கு?"

"தெரியாதே!"

எஸ்டெல்லாவுக்கு விஷயம் புரிய ஒரு மிட்டாய் கரைகிற நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் வேனே ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ என்ன குலம்? உங்க அப்பா?" என்று கேட்டார்.

"அப்பா உப்புக் குலம்."

"அட, அப்போ நான் உனக்கு அத்தைடா!"

அதுவரை வண்டியைத் திருப்பி, இந்த அம்மாளைப் பங்கில் இறக்கிவிட்டு, மாமியாரை ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தான். அத்தை ஆகிவிட்டவரை அப்படி மூட்டை போல இறக்க முடியுமா? எஸ்டெல்லாவுக்கும் அது உடனே தெரிந்துவிட்டது. ஜோப்பில் சரக்கு இருப்பது தெரிந்த வியாபாரி மாதிரி வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"கேசினோ இதோ பக்கத்துல. மொதல்ல அத்தைய இறக்கு."

"அத்தை, மாமியாருக்கு இன்னிக்குக் கண் ஆபரேஷன். நேரம் ஆச்சுன்னா ஆடு எல்லாம் போயிரும். திரும்பிப் போய்க் கூட்டிட்டு வந்து, இதே வழியாத்தானே போறோம். அப்போ இறக்கறேன்."

"அதுவரைக்கும் என் அதிர்ஷ்டம் எனக்காகக் காத்திருக்குமா?"

"காபி வாங்கித் தரேன்."

"பெருசா, சின்னதா?"

"பெருசு."

"பொரிச்ச ரொட்டி?"

"சரி."

"தேன் ஊத்தியா?"

"ஊத்தி! ஆனா ஒண்ணு அத்தை. நீங்க உள்ள போய் எங்க மாமியாரக் கண்டுபிடிச்சு, எனக்காகப் பேசணும். நான் பாக்கவும் முடியாது, பேசவும் முடியாது."

"அப்போ ரெண்டு ரொட்டி" என்றார் அத்தை.

திரும்பி வந்ததும், பெட்ரோல் பங்க் கடை வாசலில் லீலண்ட் ஐஸ் பெட்டிக்கு முகத்தைக் கொடுத்து, திறந்திருந்த கதவுக்கு முதுகைக் காட்டி நின்றான். எஸ்டெல்லா உள்ளே போய், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "மருமகன் மறந்துட்டுப் போன மாமியார் யாரும்மா?" என்று கூப்பிட்டார்.

கடையே சிரித்தது. ஒரு மூலையிலிருந்து இருமல் வந்தது. லீலண்டுக்குப் பழகின இருமல்.

"நான்தான். என்ன இப்போ?"

"வாங்க, வண்டி வந்திருக்கு."

"எனக்கு வேணாம் அந்த வண்டி. நான் கதவத் தொறக்க வர்றேன், அது பாட்டுக்குப் போகுது. கையத் தூக்கிக் கத்தறேன், திரும்பியே பாக்கல. என் மேல இருக்கற கோவத்துல வேணும்னே விட்டுட்டுப் போயிருக்கான். நான் ஊருக்குப் போறேன். ஆட்ட விக்கறதா இருந்தா வித்துக்கட்டும்."

அந்தக் குரலில் கோபம் மட்டும் இருந்திருந்தால் லீலண்ட் பயந்திருக்க மாட்டான். ஆட்டை விற்கட்டும் என்று சொல்கிறபோது அது கொஞ்சம் இறங்கித் தேய்ந்தது. பட்டாளத்து ரூபினா தோற்றுப்போன மாதிரி பேசுவதை அவன் இதற்கு முன் கேட்டதில்லை.

எஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"விட்டுட்டுப் போகல. என்னை நீங்கன்னு நெனச்சு ஏத்திட்டுப் போயிட்டான்."

"என்னது? உங்களையா?" கண்ணில் புரை இருந்தாலும் ரூபினா எதிரே உட்கார்ந்திருப்பவரை மேலும் கீழுமாக அளந்திருக்க வேண்டும். "நீங்க ஒரு ஆட்டுக்கடா கனம் இருப்பீங்க போலிருக்கே. நான் இப்படியா இருக்கேன்?"

"எப்படி இருக்கீங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் தெரியாம? அதான் எட்டிப் பாத்தானே! ஊரே சொல்லுதே!"

"யம்மா, எட்டிப் பாத்தவன் என்னை ஏத்திட்டுப் போவானா?" எஸ்டெல்லா மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். "பன்னெண்டு வருஷம் ஒரே சரிவுல குடியிருந்திருக்கான். வேலி இடுக்குல, கதவு சந்துல, ஒரே ஒரு தடவை உங்க மூஞ்சியப் பாத்திருந்தா, என்னக் கண்டதும் இது எங்க வீட்டுது இல்லன்னு இறக்கி விட்டிருக்க மாட்டானா? நான் போர்வைய விலக்குனதுக்கு ஓடற வண்டில கண்ண மூடிக்கிட்டான், பாவி. என் உயிரே போயிருக்கும். எனக்கு மூணு மருமகனுங்க. ஒருத்தன் கல்யாணத்தன்னிக்கே நேரா என் மூஞ்சியப் பாத்து பல்ல இளிச்சான். இப்படி ஒருத்தன் கிடைச்சா நான் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுவேன். உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க, எங்க வீட்டுல இன்னொரு பொண்ணு இருக்கா."

கடையில் யாரோ, "சரியாத்தான் சொல்றாங்க" என்றார்கள்.

ஐஸ் பெட்டிக்கு முன்னால் லீலண்ட் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். நாற்காலி நகர்ந்தது. பிறகு ரூபினாவின் குரல் வந்தது.

"என் பை எங்க?"

"வண்டில."

"மடையன். என் பை பக்கத்துல இருக்கறதக் கூடவா பாக்கல?"

"திரும்பினாதானே பாக்க."

"அதுவும் சரிதான்" என்றார் ரூபினா. பூட்ஸ் சத்தம் கதவை நோக்கி வந்தது. லீலண்ட் ஐஸ் பெட்டிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்துகொண்டான்.

கேசினோ வரைக்கும் எஸ்டெல்லா தூது போனார். இரண்டு ரொட்டியும் தின்று முடித்து, விரல் எல்லாம் தேனோடு இறங்கும்போது, "சம்பந்தியம்மா, நல்லபடியாக் கண்ணு தெரிஞ்சதும் என்னைப் பாக்க வாங்க. ஆட்டுக்கடான்னு சொன்னது தப்புன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வண்டியில் மருமகனும் மாமியாரும் மட்டும்தான். தூதுக்கு ஆளில்லை. நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பெரிய சரக்கு லாரிக்குப் பின்னால் லீலண்ட் மரியாதையாகத் தொடர்ந்து போனான். பின்னால் இருமல் கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் குரலும் வந்தது. ஆனால் அவனைப் பார்த்து இல்லை.

"ஏ வண்டி! உனக்குக் காலு இல்லையா? ஜெர்மனில பனியில நான் இதைவிட வேகமா ஓட்டியிருக்கேன்."

லீலண்ட் யோசித்தான். வண்டியோடு பேசக் கூடாது என்று எந்த முன்னோரும் சொல்லவில்லை.

"வண்டியே, போலீஸ் பிடிச்சா உன்னை இங்கேயே நிறுத்திருவாங்க, ஞாபகம் வெச்சுக்கோ" என்றான்.

"போலீஸ்காரன் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்னு சொல்லு வண்டி. இடப் பக்கம் ஏறு. விளக்கப் போடு. இப்போ ஏறு, இப்போ!"

லீலண்ட் ஏறினான். எதிரே ஒன்றுமே தெரியாத அம்மாள், லாரியின் சத்தத்தை மட்டும் வைத்து, எப்போது முந்த வேண்டும் என்று போர்வைக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அல்புகர்க்கி வரும்போது அந்த வேன் தன் ஆயுசில் இல்லாத அளவுக்குப் பேச்சு வாங்கியிருந்தது.

இருந்தும் தாமதம்தான். ஆஸ்பத்திரி வரவேற்பு ஜன்னலில் இருந்த பெண் வருத்தமாகச் சொன்னாள், பேர் கூப்பிட்டு ஆயிற்று, அந்த இடத்தில் அடுத்தவரைச் சேர்த்தும் ஆயிற்று, இனி வேறு தேதிதான். லீலண்ட் கொஞ்சம் தள்ளி, மீன் தொட்டிக்கு முன்னால், மீனைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். காது மட்டும் பின்னால் இருந்தது. டூல் பாக்ஸ் வாசலில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"ஏம்மா தாமதம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அதோ மீனப் பாத்துட்டு நிக்கறானே, அவன் என் மருமகன். என்னைன்னு நெனச்சு வேற ஒரு பொம்பளையக் கூட்டிட்டு ஓடிட்டான்."

காத்திருந்த படைவீரர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். எப்படி என்று கேட்டார்கள். ரூபினா சொன்னார். ஆட்டை விற்பவர் ஆட்டைச் சொல்லுகிற மாதிரி, ஒரு பக்கத்தையும் விட்டுவிடாமல், திருப்பித் திருப்பிக் காட்டிச் சொன்னார். டயர்க் கடை, இரண்டு தட்டு, கேசினோ கூப்பன், ஓடுகிற வண்டியில் தொப்பியை இழுத்துக்கொண்டது, இரண்டு ரொட்டி. லீலண்டின் முதுகைப் பார்த்து அந்த அறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மீன்கள்கூடத் தன்னைத்தான் பார்க்கின்றன என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் அவர் கதையை முடித்த விதம் அவன் எதிர்பார்க்காதது.

"ஊர்ல இவன் எட்டிப் பாத்தான்னு பேசிக்கிட்டாங்க. நானும் நம்பினேன். பன்னெண்டு வருஷமா பாக்கலங்கறது இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. இனிமே எவனாவது அப்படிச் சொன்னா எங்கிட்ட வரட்டும்."

சக்கர நாற்காலியில் இருந்த சூனி என்ற வேறொரு பழங்குடியைச் சேர்ந்த ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினார். "இந்தாம்மா, அவங்க இடத்துல போட்டது என் பேரைத்தான். அதை அவங்களுக்கே குடுத்துருங்க. நான் இந்த ஊர்லயே இருக்கறவன், நாளைக்குக்கூட வருவேன். இவ்வளவு நல்ல கதைக்கு நான் ஏதாவது குடுக்கணுமில்ல?"

ஜன்னல் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, சரி என்றாள்.

வலது கண்ணில் கட்டுப் போட்டு ரூபினாவை வெளியே விட்டபோது இன்னொரு சிக்கல். இடது கண்ணில் புரை, வலது கண்ணில் கட்டு. கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும் என்றாள் நர்ஸ். சக்கர நாற்காலியில் தள்ளுகிறேன் என்றதற்கு, பட்டாளத்துக்காரி தன் காலால்தான் வெளியே போவாள் என்று பதில் வந்தது. லீலண்ட் மீனை விட்டுப் பிரிந்து, பின்பக்கமாகவே நடந்துவந்து, மாமியாருக்கு ஒரு முழம் முன்னால் முதுகைக் காட்டி நின்றான். ஜாக்கெட்டின் பின் ஓரத்தைக் கையால் நீட்டிக் கொடுத்தான்.

"வண்டி இங்க இருக்கு" என்றான், எதிர்ச் சுவரைப் பார்த்து.

பிடி விழுந்தது. அழுத்தமான பிடி. சண்டி ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடிப்பது போல.

"படி வருதுன்னா வண்டி முன்னாடியே சொல்லணும்" என்றது பின்னாலிருந்து குரல்.

"வண்டி சொல்லும்."

அந்த நீண்ட தாழ்வாரத்தில் அப்படியே போனார்கள். எதிரே வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். லீலண்ட் ஒரு முறையும் திரும்பவில்லை. கதவு வருகிறது, வெயில் வருகிறது, மூன்று படி வருகிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தான். மூன்றாவது படியில் பூட்ஸ் தடுமாறி, பிடி பின்னால் இழுத்தது. அவன் நின்றான். பூட்ஸ் ஊன்றும் வரை நின்றுவிட்டு அப்புறம்தான் அடுத்த அடி வைத்தான்.

பனி விழுந்தது. ஆடுகள் யாருக்கும் விற்கப்படவில்லை. டூல் பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. ஊரில் எட்டிப் பார்த்த பேச்சு அடங்கி, மாமியாரை மாற்றிக்கொண்டு போன பேச்சு வந்தது. அது லேசில் அடங்கும் என்று தோன்றவில்லை.

லீலண்டின் பாடுதான் திண்டாட்டம். முன்பெல்லாம் ரூபினாவுக்குக் கண் மங்கியிருந்ததால் நாற்பதடி தள்ளிப் போனால்கூடப் போதும், யாரோ போகிறான் என்று விட்டுவிடுவார். இப்போது மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டே காற்றாலைக்கு அந்தப் பக்கம் வருகிறவனைக்கூட அடையாளம் கண்டுவிடுகிறார். சாயந்தரம் டெல்ஃபின் வந்து சொல்வாள்: "அம்மா சொன்னாங்க, தண்ணி பிடிக்கப் போறேன்னு போய் வண்டிக்குள்ள தூங்கினியாமே."

"பாக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லையா?"

"முதுகைத்தான் பாத்தாங்களாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாரிசன் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, அடுத்த மாசம் இடது கண்ணு. கிளிஃபர்ட்டுக்கு இடுப்பு சரியாயிருச்சு, அவரே ஓட்டறேங்கறாரு. அக்காகிட்ட கேட்டேன். அவரு வேணாமாம், ரொம்ப மெதுவாம். நல்லா யோசிச்சுக்கோ, ஒத்தக் கண்ணுக்கே உனக்கு இந்தப் பாடு." மேட்டுப் பக்கம் உதட்டைக் குவித்துக் காட்டினார். அங்கே ஆடுகளுக்கு நடுவே சிறியதாக ஒரு உருவம் இவர்கள் பக்கம் திரும்பி நின்றது.

லீலண்ட் அவசரமாகத் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் வந்து, அந்த உருவத்துக்கு முதுகைக் காட்டி, சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"சாவியக் குடுங்க மாமா" என்றான்.